ஆஸ்திரேலியாவில் சிறு கட்சிகளும் சுயேச்சைகளும்: தோற்றவர் பெற்ற வாக்கு வெற்றியைத் தீர்மானிப்பது எப்படி?

ஆஸ்திரேலியாவில் 2013 செப்டம்பர் 7 அன்று நடைபெற்ற பொதுத்தேர்தலில், டோனி அபாட் தலைமையிலான லிபரல் - தேசியக் கட்சிக் கூட்டணி பெரும் வெற்றி பெற்று ஆட்சியைக் கைப்பற்றியது. நாடெங்கும் அலை அக்கூட்டணியின் பக்கம் வீசிய அந்தத் தேர்தலில், அதன் முக்கிய தலைவர்களுள் ஒருவரும், புதிய அமைச்சரவையில் இடம்பெறுவார் என எதிர்பார்க்கப்பட்டவருமான சோஃபி மிராபெல்லா, விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கில் உள்ள இண்டை தொகுதியில் தோல்வியைத் தழுவினார். அவரை வென்றவர் கேத்தி மெக்கவன் என்ற சுயேச்சை வேட்பாளர். வித்தியாசம் 439 வாக்குகள்.

முதல் சுற்று எண்ணிக்கையில் மிராபெல்லா ஏறத்தாழ 45 சதவீத வாக்குகளைப் பெற்றிருந்தார். மெக்கவன் பெற்றதோ 31 சதவீதம். இந்திய மக்களவைத் தேர்தலில் கடைப்பிடிக்கப்படும் முறை அங்கு இருந்திருந்தால், சுமார் 12,000 வாக்குகள் வித்தியாசத்தில் மிராபெல்லா வெற்றி பெற்றதாக அன்றிரவே அறிவிக்கப்பட்டிருக்கும். முடிவை மாற்றியவை, வெற்றிக்கு அருகில்கூட வராத மற்ற வேட்பாளர்கள் அனைவரும் சேர்ந்து பெற்றிருந்த 24 சதவீத வாக்குகள். அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, தொழிலாளர் கட்சி, பசுமைக் கட்சி மற்றும் பல சிறு கட்சிகளின் வேட்பாளர்களைக் கடந்து மெக்கவனிடம் வந்து சேர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றத் தொகுதி ஒன்றில் போட்டியிடும் சிறு கட்சி வேட்பாளர்களும் சுயேச்சைகளும் என்ன செய்கிறார்கள், அவர்களால் எப்படி வெல்ல முடிகிறது, வெல்லாதபோதும் அவர்கள் ஏன் முக்கியமாகிறார்கள் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

தொகுதியின் அளவு

ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் இரு அவைகளைக் கொண்டது. நமது மக்களவைக்கு இணையானது பிரதிநிதிகள் அவை. 2025 தேர்தலில் இதற்கு 150 தொகுதிகள் இருந்தன. ஒவ்வொரு தொகுதியிலும் சராசரியாக 1.2 லட்சம் வாக்காளர்கள். இந்தியாவில் 2024 மக்களவைத் தேர்தலின்போது ஒரு தொகுதிக்குச் சராசரியாக ஏறத்தாழ 18 லட்சம் வாக்காளர்கள் இருந்தனர். அதாவது, இங்குள்ள ஒரு மக்களவைத் தொகுதிக்குள் அங்குள்ள 15 தொகுதிகளை அடக்கிவிடலாம்.

இந்த அளவு வேறுபாட்டைக் கருத்தில் கொள்ளாமல் அங்குள்ள சுயேச்சைகளின் வெற்றியைப் புரிந்துகொள்ள இயலாது. 1.2 லட்சம் பேர் கொண்ட தொகுதியில், சில நூறு தன்னார்வலர்கள் ஆறு மாதங்கள் உழைத்தால் பெரும்பாலான வீடுகளின் கதவைத் தட்டிவிட முடியும். 18 லட்சம் பேர் கொண்ட தொகுதியில் அதற்குக் கட்சி அமைப்பு வேண்டும். இல்லையேல் பெரும் பணம் வேண்டும்.

அங்கு வாக்களிப்பது கட்டாயம். 1924-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, தக்க காரணமின்றி வாக்களிக்கத் தவறுவோருக்கு அபராதம் விதிக்கப்படுகிறது. தற்போது அத்தொகை 20 ஆஸ்திரேலிய டாலர். தொகை சிறிதானாலும், வாக்குப்பதிவு 90 சதவீதத்தை ஒட்டியே இருந்து வருகிறது. அரசியலில் ஆர்வம் இல்லாதவரும், இரு பெரிய கட்சிகள் மீதும் வெறுப்புற்றவரும்கூட வாக்குச்சாவடிக்கு வந்தே தீர வேண்டும். இந்தியாவில் உள்ள 'நோட்டா' அங்கு இல்லை. எனவே அதிருப்தி கொண்ட வாக்காளரின் பார்வை இயல்பாகவே சிறு கட்சிகளின் மீதும் சுயேச்சைகளின் மீதும் விழுகிறது.

முன்னுரிமை வாக்கு: இந்தியர்களுக்குப் புதிதல்ல

ஆஸ்திரேலிய வாக்காளர் ஒரே ஒரு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்து முத்திரை குத்துவதில்லை. வாக்குச்சீட்டில் உள்ள அனைத்து வேட்பாளர்களுக்கும் 1, 2, 3 எனத் தம் விருப்ப வரிசைப்படி எண் இடுகிறார். முதல் முன்னுரிமை வாக்குகளில் எவரும் பாதிக்கு மேல் பெறவில்லை எனில், கடைசி இடத்தில் உள்ளவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். அவருக்கு விழுந்த சீட்டுகள் வீணாவதில்லை. ஒவ்வொரு சீட்டும் அதில் 2 என்ற எண் யாருக்கு இடப்பட்டுள்ளதோ அவரது கணக்கில் முழு வாக்காகச் சேர்க்கப்படும். பின்னர் அடுத்த கடைசி வேட்பாளர் நீக்கப்படுவார். இவ்வாறு இருவர் மட்டும் எஞ்சும்வரை எண்ணிக்கை தொடரும்.

நமது குடியரசுத் தலைவர் தேர்தல் இதே அடிப்படையில்தான் நடைபெறுகிறது. அதிலும் 1969-இல் நடைபெற்ற தேர்தல் இங்கு நினைவுகூரத் தக்கது. குடியரசுத் துணைத் தலைவர் பதவியைத் துறந்து சுயேச்சையாகக் களமிறங்கிய வி.வி. கிரி, முதல் முன்னுரிமையில் 4,01,515 வாக்கு மதிப்பையே பெற்றார். வெற்றிக்குத் தேவைப்பட்டதோ 4,18,169. மூன்றாம் இடம் பெற்ற சி.டி. தேஷ்முக் உள்ளிட்டோரின் வாக்குச்சீட்டுகளில் இருந்த அடுத்த முன்னுரிமைகள் எண்ணப்பட்ட பிறகே, 4,20,077 என்ற நிலையை எட்டி நீலம் சஞ்சீவ ரெட்டியை அவர் வென்றார். நாட்டின் மிக உயரிய பதவிக்கு ஒரு சுயேச்சை வந்ததே இரண்டாம் முன்னுரிமையால்தான்.

ஒரு வேறுபாடு உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் முதல் முன்னுரிமையைக் குறித்தால் போதும், மற்றவை கட்டாயமல்ல. ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவைத் தேர்தலிலோ எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். தவறினால் வாக்கு செல்லாததாகிவிடும். ஆக, ஒரு வாக்காளர் மனம் ஒப்பாத இரு பெரிய கட்சிகளில்கூட எது மேல் என்பதை எங்கோ ஓரிடத்தில் சொல்லியே ஆக வேண்டும்.

இம்முறை உருவான விதமும் சுவையானது. 1918 அக்டோபரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்வான் தொகுதியில் நடந்த இடைத்தேர்தலில், விவசாயிகள் அமைப்பின் வேட்பாளரும் ஆளும் தேசியவாதக் கட்சி வேட்பாளரும் ஒரே தரப்பு வாக்குகளைப் பிரித்துக்கொண்டனர். விளைவாக, சுமார் 34 சதவீத வாக்குகள் மட்டுமே பெற்ற தொழிலாளர் கட்சியின் 22 வயது எட்வின் கார்பாய் வெற்றி பெற்றார். அதிர்ந்துபோன ஆளும் தரப்பு, அவ்வாண்டு முடிவதற்குள் முன்னுரிமை முறையைச் சட்டமாக்கியது. டிசம்பரில் விக்டோரியாவின் கொராங்கமைட் இடைத்தேர்தலில் அது முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டது. அங்கு முதல் சுற்றில் 40 சதவீதத்துக்கும் மேல் பெற்று முன்னிலையில் இருந்தவர் தொழிலாளர் கட்சியின் ஜேம்ஸ் ஸ்கல்லின், பின்னாளில் பிரதமரானவர். வென்றவரோ, சுமார் 26 சதவீதமே பெற்றிருந்த விவசாயிகள் சங்க வேட்பாளர் வில்லியம் கிப்சன். புதிய முறையின் முதல் பயனாளியே ஒரு சிறு கட்சி வேட்பாளர்தான். தம் வாக்கு சிதறுவதைத் தடுக்கப் பெரிய கட்சி கொண்டுவந்த ஏற்பாடு, ஒரு நூற்றாண்டுக்குப் பின் அதே பெரிய கட்சியின் பாதுகாப்பான தொகுதிகளைப் பறிக்கும் கருவியாகும் என அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

இண்டையில் நடந்தது

1901-ஆம் ஆண்டின் முதல் தேர்தல் முதலே இருந்துவரும் பழைமையான தொகுதிகளில் இண்டையும் ஒன்று. மர்ரி ஆற்றின் மேற்பகுதிக்கு வழங்கும் இண்டை என்ற பெயரே தொகுதிக்கும் அமைந்தது. வடோங்கா, வங்கரட்டா, பெனல்லா ஆகிய ஊர்களையும், அவற்றைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள், திராட்சைத் தோட்டங்கள், பனி படரும் மலைகளையும் உள்ளடக்கியது. நெட் கெல்லி என்ற புகழ்பெற்ற கொள்ளையன் 1880-இல் காவல் துறையினரிடம் பிடிபட்ட கிளென்ரோவனும் இங்குதான் உள்ளது.

தேர்தல் வரலாற்றில் இத்தொகுதிக்கு ஒரு விசித்திரமான பதிவு உண்டு. 1928-இல், நாட்டுக் கட்சியைச் சேர்ந்த அப்போதைய உறுப்பினர் ராபர்ட் குக் உரிய காலத்தில் வேட்புமனுத் தாக்கல் செய்யத் தவறிவிட்டார். தொழிலாளர் கட்சியின் பால் ஜோன்ஸ் போட்டியின்றித் தேர்வானார். 1931-இல் ஜோன்ஸ் தோற்ற பிறகு, 2013 வரை இத்தொகுதி வலதுசாரிக் கட்சிகளின் கையை விட்டு நழுவவே இல்லை.

அசைக்க முடியாத தொகுதி எனக் கருதப்பட்டதே அங்குள்ளோரின் மனக்குறைக்கு மூலமாயிற்று. முடிவு முன்கூட்டியே தெரிந்த தொகுதியில் ஆளும் கட்சிக்குச் செலவிட ஏதுமில்லை. எதிர்க்கட்சிக்கு உழைக்க ஏதுமில்லை. மெல்போர்னுக்குச் செல்லும் ரயில் பாதை பழுதடைந்து கிடந்தது. கைப்பேசி அலைவரிசை எட்டாத பள்ளத்தாக்குகள் பல இருந்தன. படித்த இளைஞர்கள் நகரங்களுக்குச் சென்றவண்ணம் இருந்தனர்.

2012-இல் அப்பகுதியினர் சிலர் ஒன்றுகூடி 'வாய்சஸ் ஃபார் இண்டை' என்ற குழுவைத் தொடங்கினர். முதலில் அவர்கள் தேடியது வேட்பாளரை அல்ல. வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, தொகுதிக்கு என்ன தேவை, நல்ல பிரதிநிதி எப்படி இருக்க வேண்டும் எனப் பேசும் கூட்டங்களை நடத்தினர். நூற்றுக்கணக்கானோர் கூறியவை தொகுக்கப்பட்டு அறிக்கையாக வெளியிடப்பட்டன. மெக்கவன் களமிறங்கியது அதன் பிறகே. அவர் வேளாண் ஆலோசகர். கிராமப்புறப் பெண்கள் அமைப்புகளில் நெடுங்காலம் பணியாற்றியவர். ஆரஞ்சு நிறச் சட்டைகள் அணிந்த தன்னார்வலர்கள் ஊர் ஊராகச் சென்றனர். வேலைக்காக வெளியூர் சென்றிருந்த இளைஞர்கள் திரும்பி வந்து பணியாற்றினர்.

இந்த உத்தியில் ஒரு நுட்பம் உள்ளது. முன்னுரிமை முறையில் சுயேச்சை ஒருவர் முதலிடம் பெற வேண்டியதில்லை. இரண்டு இலக்குகளை எட்டினால் போதும். ஒன்று, கடைசி இருவரில் ஒருவராக எஞ்ச வேண்டும். மற்றொன்று, நீக்கப்படும் வேட்பாளர்களின் ஆதரவாளர்களில் பெரும்பாலோருக்கு 'அவரைவிட இவர் மேல்' எனத் தோன்ற வேண்டும். மெக்கவன் தொழிலாளர் கட்சியை முந்தி முதல் இலக்கை எட்டினார். எவரையும் பகைத்துக்கொள்ளாத அவரது பிரசாரம் இரண்டாவதை எட்டியது. 45 சதவீதம் பெற்ற மிராபெல்லாவுக்கு மற்றவர்களிடமிருந்து கிடைத்தது ஏறத்தாழ 5 சதவீதப் புள்ளிகள் மட்டுமே.

எண்ணிக்கையின் இடையே, வங்கரட்டாவில் முன்கூட்டியே பதிவான வாக்குகளைப் பதிவு செய்ததில் பிழை நேர்ந்திருப்பதும், மெக்கவனின் கணக்கில் சுமார் ஆயிரம் வாக்குகள் விடுபட்டிருப்பதும் கண்டறியப்பட்டது. வெற்றி வித்தியாசமே 439 என்பதால், அதைத் தேர்தல் அலுவலர்கள் தாமே சரிபார்த்துத் திருத்தியது எத்தகைய முக்கியத்துவம் உடையது என்பதைக் கூற வேண்டியதில்லை.

2016-இல் மிராபெல்லா மீண்டும் போட்டியிட்டார். மெக்கவன் முன்னிலும் எளிதாக வென்றார். 2019-இல் மெக்கவன் ஓய்வு பெற்றபோது, சுயேச்சையின் செல்வாக்கு அவரோடு முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. தனிநபர் புகழால் வெல்லும் தொகுதிகள் அந்நபர் விலகியதும் பழைய கட்சிக்கே திரும்புவதுதான் வழக்கம். ஆனால் செவிலியராகவும் மருத்துவ ஆய்வாளராகவும் பணியாற்றிய ஹெலன் ஹெய்ன்ஸ், அதே குழுவின் ஆதரவுடன் நின்று வென்றார். முதல் முன்னுரிமையில் லிபரல் வேட்பாளரே அப்போதும் முன்னிலை பெற்றிருந்தார். ஒரு சுயேச்சையின் இடத்துக்கு மற்றொரு சுயேச்சை அடுத்த உறுப்பினராக வந்தது ஆஸ்திரேலியப் பிரதிநிதிகள் அவை வரலாற்றில் அதுவே முதன்முறை. 2022, 2025 தேர்தல்களிலும் ஹெய்ன்ஸ் தொகுதியைத் தக்கவைத்தார். ஊழல் தடுப்பு ஆணையம் கோரி 2020-இல் அவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். பின்னர் வந்த தொழிலாளர் கட்சி அரசு சட்டம் இயற்றி, தேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தை 2023 ஜூலை 1 முதல் செயல்படச் செய்தது.

மூன்றாம் இடத்திலிருந்து வெற்றி

இண்டையைவிட வியப்பூட்டும் எடுத்துக்காட்டு டாஸ்மேனியா மாநிலத்தின் டெனிசன் தொகுதி. ஈராக் போர் குறித்த கருத்து வேறுபாட்டால் 2003-இல் உளவு ஆய்வுப் பணியைத் துறந்த ஆண்ட்ரூ வில்கி, 2010-இல் அங்கு சுயேச்சையாக நின்றார். முதல் முன்னுரிமையில் அவர் பெற்றது 21 சதவீதம், மூன்றாம் இடம். தொழிலாளர் கட்சி சுமார் 36 சதவீதமும் லிபரல் கட்சி ஏறத்தாழ 23 சதவீதமும் பெற்றிருந்தன. நான்காம் இடத்தில் இருந்த பசுமைக் கட்சி வேட்பாளர் நீக்கப்பட்டபோது, அவரது வாக்குகள் வில்கியை லிபரல் வேட்பாளருக்கு மேலே உயர்த்தின. அடுத்து லிபரல் வேட்பாளர் நீக்கப்பட்டார். அவரது ஆதரவாளர்கள் தொழிலாளர் கட்சியைவிட வில்கியே மேல் எனக் கருதினர். இடதுசாரி வாக்குகளும் வலதுசாரி வாக்குகளும் அடுத்தடுத்துச் சேர்ந்து அவரை 51 சதவீதத்துக்குக் கொண்டு சென்றன.

இதில் வரிசையே எல்லாம். பசுமைக் கட்சி வில்கியைவிடச் சற்று அதிகம் பெற்று அவர் முன்னதாக நீக்கப்பட்டிருந்தால், தேர்தலின் போக்கே மாறியிருக்கும். அந்த ஆண்டு இரு பெரிய அணிகளுக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. வில்கி, டோனி வின்ட்சர், ராப் ஓக்ஷாட் ஆகிய மூன்று சுயேச்சைகள் மற்றும் பசுமைக் கட்சியின் ஆதரவுடன்தான் ஜூலியா கில்லார்ட் ஆட்சி அமைத்தார். ஒரு தொகுதியில் மூன்றாம் இடத்தில் தொடங்கியவர், நாட்டின் பிரதமரைத் தீர்மானித்தவர்களில் ஒருவரானார். வில்கி இன்றளவும் உறுப்பினராக நீடிக்கிறார். தொகுதியின் பெயர்தான் கிளார்க் என மாறியுள்ளது.

வெல்லாதவர்கள் ஏன் நிற்கின்றனர்?

மேற்கண்டவை விதிவிலக்குகளே. ஒவ்வொரு தொகுதியிலும் நிற்கும் சிறு கட்சியினரில் பெரும்பாலோர் ஒற்றை இலக்கச் சதவீதத்தைத் தாண்டுவதில்லை. விரைவு ரயில் திட்டம், விலங்கு நலன், குடியேற்ற எதிர்ப்பு என ஒரே நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்ட கட்சிகளும் உண்டு. எனினும் அவர்கள் நிற்பதற்குத் திட்டவட்டமான காரணங்கள் உள்ளன.

முதற்காரணம் செனட் அவை. அங்கு மாநிலம் முழுவதற்குமான விகிதாசார முறையில் தேர்தல் நடப்பதால், சிறு கட்சிக்கு உண்மையான வாய்ப்பு அங்கேதான். உள்ளூர்த் தொகுதியில் வேட்பாளரை நிறுத்தினால் வாக்குச்சாவடியில் கட்சியின் பெயர் தெரியும். செனட் சீட்டிலும் அந்தப் பெயர் வாக்காளரின் கண்ணில் படும். அடுத்தது பணம். முதல் முன்னுரிமையில் 4 சதவீதம் பெற்றால், ஒவ்வொரு வாக்குக்கும் குறிப்பிட்ட தொகையை அரசே தேர்தல் செலவுக்காக வழங்குகிறது. 2025 தேர்தலில் இது ஒரு வாக்குக்கு 3 டாலருக்குச் சற்று அதிகமாக இருந்தது.

மூன்றாவது காரணம் பேரம். வாக்குச்சாவடிக்கு வெளியே ஒவ்வொரு கட்சியும் தன் ஆதரவாளர்களுக்கு வரிசை எண்கள் அச்சிட்ட வழிகாட்டிச் சீட்டுகளை வழங்குகிறது. நுழைவாயிலிலிருந்து 6 மீட்டர் தள்ளி நின்றால் போதும். சாவடியைச் சுற்றி 100 மீட்டருக்குள் வாக்குச் சேகரிக்கத் தடை உள்ள நமக்கு இது வியப்பளிக்கலாம். அந்தச் சீட்டில் 2 என்ற எண் யாருக்கு என்பதைச் சிறு கட்சி முடிவு செய்யும்போது, பெரிய கட்சிகள் அதனிடம் பேச முன்வருகின்றன.

இங்கு ஒரு தவறான புரிதலைக் களைய வேண்டியுள்ளது. 'இன்ன கட்சி தன் வாக்குகளை இன்னாருக்கு வழங்கியது' எனச் செய்திகளில் எழுதப்படுவதுண்டு. பிரதிநிதிகள் அவைத் தேர்தலில் எந்தக் கட்சியும் எவருக்கும் வாக்கை வழங்க முடியாது. எண்களை இடுபவர் வாக்காளர் மட்டுமே. வழிகாட்டிச் சீட்டு வெறும் பரிந்துரை. செனட் தேர்தலில்தான் கட்சிகள் பதிவு செய்த வரிசைப்படி வாக்குகள் தாமாகவே நகரும் ஏற்பாடு முன்பு இருந்தது. அதைப் பயன்படுத்தி, 2013-இல் விக்டோரியாவில் சுமார் 0.5 சதவீத முதல் வாக்குகளை மட்டுமே பெற்ற மோட்டார் வாகன ஆர்வலர்கள் கட்சியின் ரிக்கி மூயர் செனட் உறுப்பினரானார். அந்த ஏற்பாடு 2016-இல் நீக்கப்பட்டது.

வாக்குச்சீட்டில் பெயர் இடம்பெறும் வரிசையும் சிறு வேட்பாளர்களுக்கு முக்கியம். மேலிருந்து கீழாக 1, 2, 3 என யோசனையின்றி எண் இட்டுச் செல்வோரும் உள்ளனர். ஆஸ்திரேலியர்கள் இதைக் 'கழுதை வாக்கு' என்பர். முன்பு பெயர்கள் அகரவரிசையில் அச்சிடப்பட்டன. 1937 செனட் தேர்தலில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் தொழிலாளர் கட்சி நிறுத்திய ஆமர், ஆஷ்லி, ஆம்ஸ்ட்ராங், ஆர்தர் ஆகிய நால்வரின் பெயர்களும் ஆங்கில அகரவரிசையின் முதல் எழுத்தில் தொடங்கின, நால்வரும் வென்றனர். பிரதிநிதிகள் அவைக்கு 1984 முதல் குலுக்கல் முறையில் வரிசை தீர்மானிக்கப்படுகிறது. கட்சிப் பெயர்கள் வாக்குச்சீட்டில் அச்சிடப்படுவதும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது.

வேட்பாளர்கள் பெருகுவதால் ஒரு கேடும் உண்டு. அனைத்துக் கட்டங்களையும் பிழையின்றி நிரப்ப வேண்டியிருப்பதால், பெயர்கள் கூடக்கூடச் செல்லாத வாக்குகளும் கூடுகின்றன. ஆங்கிலம் தாய்மொழியல்லாதோர் நிறைந்த மேற்கு சிட்னி தொகுதிகள் சிலவற்றில் இது 10 சதவீதத்தைத் தாண்டியதுண்டு. யாருக்கு அதிகம் குரல் தேவையோ அவர்களின் வாக்கே அதிகம் வீணாகிறது என்பது இம்முறையின் பெருங்குறை.

நிற்பதற்கான தகுதிகள்

இந்தியாவில் மக்களவைக்குப் போட்டியிட 25,000 ரூபாய் டெபாசிட் செலுத்த வேண்டும். பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெற்றால்தான் அது திரும்பக் கிடைக்கும். சுயேச்சையை 10 வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். 1996-இல் நல்கொண்டா மக்களவைத் தொகுதியில் 480 பேரும், தமிழகத்தின் மொடக்குறிச்சி சட்டப்பேரவைத் தொகுதியில் 1,033 பேரும் போட்டியிட்ட பிறகே இந்த விதிகள் கடுமையாக்கப்பட்டன.

ஆஸ்திரேலியாவில் டெபாசிட் 2,000 டாலர். 4 சதவீத முதல் முன்னுரிமை வாக்குகள் பெற்றாலே திரும்பக் கிடைக்கும். ஆனால் சுயேச்சையின் மனுவில் தொகுதி வாக்காளர்கள் 100 பேர் கையொப்பமிட வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினர் எவரும் இல்லாத கட்சி பதிவு பெற வேண்டுமெனில் 1,500 உறுப்பினர்கள் தேவை. 2021 வரை இது 500-ஆக இருந்தது.

இவற்றைவிடக் கடுமையான தடை, அரசியலமைப்பின் 44-ஆவது பிரிவு. வேறு நாட்டுக் குடியுரிமையும் உடையவர்கள், அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர்கள் போட்டியிட இயலாது. பெரிய கட்சிகளுக்கு இதைச் சரிபார்க்க வழக்கறிஞர்கள் உள்ளனர், சுயேச்சைக்கு எவருமில்லை. முன்னாள் பிரதமர் பாப் ஹாக் விலகியதால் 1992-இல் நடந்த வில்ஸ் தொகுதி இடைத்தேர்தலில் சுயேச்சையாக வென்ற ஃபில் கிளியரி, அரசுப் பள்ளி ஆசிரியர். ஊதியமில்லா விடுப்பில் இருந்தபோதும் அது ஆதாயம் தரும் பதவியே எனக் கூறி, அவரது தேர்வை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டுப் பொதுத்தேர்தலில் அவர் மீண்டும் வென்றார்.

பெருகும் எண்ணிக்கை, புதிய சட்டம்

இண்டை மாதிரி விரைவில் பரவியது. 2019-இல் வாரிங்கா தொகுதியில் முன்னாள் பிரதமர் அபாட்டைச் சுயேச்சையான சாலி ஸ்டெகால் தோற்கடித்தார். 2022-இல் கூயாங் தொகுதியில் அப்போதைய நிதியமைச்சர் ஜோஷ் ஃபிரைடன்பர்கை மருத்துவர் மோனிக் ரயான் வீழ்த்தினார். அதே ஆண்டில், வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட முன்னாள் மாநில முதல்வர் கிறிஸ்டினா கெனீலியை, வியட்நாமிலிருந்து அகதியாக வந்த டாய் லே மேற்கு சிட்னியின் ஃபவுலர் தொகுதியில் வென்றார். இவர்கள் எல்லோரும் ஒரே அணியினர் அல்லர். வசதி படைத்த நகர்ப்புறத் தொகுதிகளின் சுயேச்சைகள் பலருக்குப் பருவநிலை நடவடிக்கைக்கான நிதி அமைப்பு உதவியது. டாய் லேயின் வெற்றி, தம்மைக் கேளாமல் வேட்பாளரைத் திணித்ததற்கு எதிரான உள்ளூர்ச் சினத்தால் விளைந்தது.

பணம் மட்டுமே வெற்றி தருவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. சுரங்கத் தொழிலதிபர் கிளைவ் பால்மரின் கட்சி 2022-இல் அனைத்துத் தொகுதிகளிலும் போட்டியிட்டு 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டது. பிரதிநிதிகள் அவையில் ஓரிடமும் கிடைக்கவில்லை. செனட்டில் ஒரே ஓர் இடம்.

2025 மே 3 தேர்தலில் நாடு முழுவதும் முதல் முன்னுரிமை வாக்குகளில் மூன்றில் ஒரு பங்கு இரு பெரிய அணிகளுக்கும் வெளியே விழுந்தது. எனினும் 150 இடங்களில் 13 மட்டுமே அவர்களுக்குக் கிடைத்தன. அவர்களுள் 10 பேர் சுயேச்சைகள். வாக்கு வளர்ந்த அளவுக்கு இடங்கள் வளரவில்லை. முன்னுரிமை முறை பெரும்பாலான தொகுதிகளில் இறுதியில் வாக்கைப் பெரிய கட்சி ஒன்றிடமே சேர்ப்பிக்கிறது. மெல்போர்னின் கால்வெல் தொகுதியில் 13 பேர் போட்டியிட்டனர். கடைசி இருவர் யார் என்பதே தெரியாமல் எண்ணிக்கை வாரக்கணக்கில் நீண்டது. முடிவில் வென்றது தொழிலாளர் கட்சியே. சிட்னியின் பிராட்ஃபீல்டில் முதல் எண்ணிக்கையில் லிபரல் வேட்பாளர் 8 வாக்குகள் முன்னிலை பெற்றார். மறு எண்ணிக்கையில் சுயேச்சை நிக்கோலெட் போயல் 26 வாக்குகளில் வென்றார்.

இந்தியாவில் 2024-இல் 3,900-க்கும் மேற்பட்ட சுயேச்சைகள் போட்டியிட்டு 7 பேர் வென்றனர் என்பதுடன் ஒப்பிட்டால், அங்குள்ள வாய்ப்பு எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

அந்த வாய்ப்பின் வருங்காலம் இப்போது நிதிச் சட்டத்தைச் சார்ந்துள்ளது. 2025 பிப்ரவரியில், தொழிலாளர் கட்சியும் லிபரல் - தேசியக் கூட்டணியும் கைகோத்துத் தேர்தல் நிதிச் சீர்திருத்தத்தை நிறைவேற்றின. ஒருவர் அளிக்கும் நன்கொடைக்கு 50,000 டாலர் உச்சவரம்பு. ஒரு தொகுதியில் வேட்பாளர் செலவிட 8 லட்சம் டாலர். கட்சி ஒன்று நாடு முழுவதும் செலவிட 9 கோடி டாலர். வாக்கு ஒன்றுக்கு அரசு தரும் தொகை 5 டாலராக உயர்கிறது. தேர்தலில் பெரும் பணத்தின் ஆதிக்கத்தைத் தடுப்பதே நோக்கம் என்கிறது அரசு.

சுயேச்சை உறுப்பினர்கள் இதை எதிர்த்தனர். பெரிய கட்சி தன் தேசிய வரம்பிலிருந்து, வேட்பாளரின் பெயரைக் குறிப்பிடாத விளம்பரங்களை எந்தத் தொகுதியிலும் கொண்டு குவிக்கலாம். அது தொகுதி வரம்பில் சேராது. சுயேச்சைக்கோ தொகுதி வரம்பு ஒன்றே எல்லை. முந்தைய தேர்தலின் வாக்குகளுக்காகக் கிடைக்கும் அரசுப் பணமும், ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்களுக்கும் கட்சிகளுக்கும்தான் கைகொடுக்கும். முதன்முறையாக நிற்பவரிடம் தொடக்கத்தில் எதுவும் இராது என்பதும் அவர்கள் வாதம். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அதேவேளை, 2022-இல் சில சுயேச்சைகளே தம் தொகுதியில் பெரும் தொகையைச் செலவிட்டு வென்றனர் என்பதையும் மறுக்க இயலாது.

உச்சவரம்புகள் அடுத்த பொதுத்தேர்தலில்தான் முதன்முறையாக நடைமுறைக்கு வரவுள்ளன. அத்தேர்தல் 2028-இல் நடைபெற வேண்டும்.